வாழ்வான் என்று பொருள்

தண்ணீரூற்று, 6.2.1979
நாளை பிள்ளைக்கு ஏழாம் நாள். முடி இறக்கிப் பெயர் வைக்க வேண்டுமாம். ஊரே என் தையல்கடைக்கு வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகிறது. சட்டை தைக்க வருபவனைத்தான் காணவில்லை.

மூத்தவனுக்கு உமர் என்று வைத்தோம். அரபியில் ஆயுள் என்ற சொல்லோடு சேர்ந்த பெயராம். பதினொரு நாள் இருந்தான். அடுத்தவன் ஸாலிம், அதாவது சுகமானவன். காய்ச்சலில் போனான். இனிப் பெயரும் வேண்டாம், பொருளும் வேண்டாம்.

7.2.1979
மௌலவி நஜீம் வந்தார். "யஹ்யா எண்டு வையுங்கோ மஹ்றூப். வாழ்வான் எண்டு அர்த்தம். அல்லாவே ஒரு நபிக்கு வைச்ச பேர்."

எபிரேயத்தில் அது யோஹனானாம், இறைவன் அருளினான் என்று பொருளாம். இரண்டும் ஒரே பெயர்தானா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்களாம். நல்லது! பெயரின் பிறப்பே முடிவாகவில்லை, அதற்குள் பிள்ளையின் ஆயுளுக்கு உத்தரவாதம்.

முடி இறக்கினோம். பெயர் வைக்கவில்லை. என் மனைவி ஸுஹறா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

11.2.1979
மீன்கார அருளப்பு கேள்விப்பட்டு வந்தார். "உந்த யோஹனானைத்தான் எங்கட வேதத்தில அருளப்பர் எண்டுறது. என்ர பேர், தம்பி! எனக்கு அறுபத்தி மூண்டு. ஆள் இன்னும் பழுதாகேல்லை."

அவருடைய மீனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

2.3.1979
காய்ச்சல். இவனுக்குமா?

3.3.1979
ஆஸ்பத்திரியில் தாதி, மிஸ்ஸி சிவலட்சுமி, பிள்ளையைச் சேர்க்கத் துண்டு எழுதினா. "பிள்ளையின்ர பேர்?"

"இன்னும் வைக்கேல்லை."

"ஒரு மாதமாகியுமோ? நல்ல தகப்பன்!"

"யஹ்யா எண்டு எழுதுங்கோ மிஸ்ஸி" என்றாள் ஸுஹறா. பிறகு என்னிடம், "பேர் வைக்காம விட்டது ஆரைக் காப்பாத்த? பிள்ளையையோ, உங்களையோ?"

அவள் கேட்டது சரி. என்னைத்தான். பயம். இவனும் போனால் எந்தப் பெயரைச் சொல்லி அழுவது என்ற பயம். வெட்கமாக இருக்கிறது.

4.3.1979
காய்ச்சல் இறங்கவில்லை. கட்டிலருகே குனிந்து முதல்தடவை கூப்பிட்டேன். யஹ்யா.

12.6.1984
யஹ்யா, ஊசிப்பெட்டியைக் கொட்டாதை. யஹ்யா, கத்தரிக்கோலை வை. யஹ்யா, ஆக்களின்ர துணிக்கு மேல ஏறாதை! மௌலவி சொன்ன பொருளில் பிழையில்லை. இவன் வாழ்வான், நான்தான் சந்தேகம். காலையிலிருந்து ஐம்பது தடவையாவது கத்தியிருப்பேன்.

"மெல்லக் கூப்பிடுங்கோ. பள்ளிவாசல் வரைக்கும் கேக்குது" என்கிறாள் ஸுஹறா.

கேட்கட்டும்.