சிவப்பு நூலில் தைத்த பேர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். கால் வீக்கம் குறைந்ததா?

நீ கோபமாகப் போனை வைத்து மூன்று வாரம் ஆகிறது. "பிள்ளைக்குப் போய் மீன்னு பேர் வைப்பாங்களா?" என்று நான் கத்தியது தப்புதான். கலா என்று பேர் வைக்கலாம், நமக்கு அது கலை என்று ஆசையாகத்தான் சொன்னாய். மாப்பிள்ளை மொழியில் அது மீன் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவார்களே என்ற பயம். பயம் வந்தால் எனக்கு வாய்தான் முந்தும், உனக்குத் தெரியாததா?

கோபம் ஆறாமல், வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் விசாரித்தேன். இஸ்திரி போடும் இந்திக்காரர் தனக்கும் அது கலைதான் என்றார். 'கா' என்று இழுத்தால் கறுப்பாம். துணி மடிக்கும் மலாய்க்காரிக்கு அது காலம். ஒரு சின்னச் சொல் இத்தனை வீட்டில் குடியிருக்கிறது, பார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பிரசவம் எப்போது என்றுதான் கேட்டார்கள்.

கடைசியாகக் குறி தைப்பவளிடம் போனேன். ஆஸ்பத்திரித் துணி எந்த வார்டுக்குத் திரும்ப வேண்டுமென்று சிவப்பு நூலில் தைப்பது அவள் வேலை. மெஷின் இரைச்சலில் பேச்சு கேட்காது. தைக்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். நானும் அர்த்தம் கேட்கலாமென்று பேரை இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். பேரப்பிள்ளை வரப்போகிற சேதி அவளுக்கும் எட்டியிருந்தது போல, தலையாட்டி வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால், கழித்துப்போட்ட மெத்தென்ற விரிப்பை வெட்டிப் பன்னிரண்டு குழந்தைத் துணி தைத்து வைத்திருக்கிறாள். பன்னிரண்டிலும் அந்தப் பேர். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாத நூல்.

முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதுவிட்டேன். யாரோ ஒருத்தி என் பேரப்பிள்ளைக்கு ஆசையாகத் தைக்கிறாள். உன்னைப் பெற்றவள் நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மீனாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நாலு நாளாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது.

மேலாளர் இரண்டு மாதம் லீவு கொடுத்துவிட்டார். நீ இன்னும் வா என்று சொல்லவில்லை. துணியைத் தபாலில் அனுப்பட்டுமா, நானே எடுத்து வரட்டுமா? எதுவானாலும் உன் வாயால் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து எழுந்திரு, என் கண்ணே. வேலை நேரத்திலும் போனை மடியிலேயே வைத்திருக்கிறேன்.

உன் அம்மா