தினம் ஒரு மூட்டை

உ
14-3-1992, சனி

ராஜாமணியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் காரியாபட்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, சரக்குக் கிட்டங்கி திறக்கும் முன்பே அருப்புக்கோட்டைக்குப் போய் நின்றேன். அங்கே வரும் மல்லி விதை மூட்டைகளைக் கம்ப்யூட்டரில் பதிகிறவர் அவர். புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் நான். தினமும் முதல் பதிவில், சரக்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் U. மூட்டை எண்ணிக்கை பூஜ்யம். மெசினை விரட்டத்தான் இந்த ஆள் ஏதோ செய்கிறார் என்று நினைத்து, பூஜ்யம் போட்டால் ஏற்காதபடி போன மாதம் மாற்றினேன். அன்றிலிருந்து இருப்பில் தினம் ஒரு மூட்டை ஏறுகிறது.

நேற்று கிட்டங்கி முதலாளி கத்தினார். "இல்லாத மூட்டைய ஒங்க மெசின் எங்கிருந்துய்யா கொண்டாருது? திங்கக்கிழம தூக்கிட்டுப் போயிருங்க."

இன்று ராஜாமணியின் பின்னாலேயே நின்று பார்த்தேன். செருப்பைக் கழற்றினார். U அடித்தார். எண்ணிக்கையில் ஒன்று போட்டார்.

"என்னய்யா இது?"

"பிள்ளையார் சுழி சார். முந்தி வெறுமனதான் போட்டுக்கிட்டிருந்தேன். இப்ப ஒரு மூட்டையாவது போட்டாத்தான் விடுவேங்குது."

"மெசினுக்கு எதுக்குச் சுழி?"

"சுழி போடாம எப்பிடி சார் எழுத?" என்றார், சிரிக்காமல்.

இவ்வளவு அப்பாவியா? எனக்கு நம்பிக்கை இல்லை. படித்த மனுசன் எவனாவது தன்னை அறியாமல் சுழி போடுவானா என்று இந்த டைரியில் எழுத வந்தவன், பக்கத்தின் தலையைப் பார்த்தேன். தேதிக்கு மேலே என் கையெழுத்தில் உ. எப்போது போட்டேன் என்று தெரியவில்லை.