வாய்க்காலுக்குள் வளர்ந்த வாழை

1991 ஐப்பசி, செவ்வாய்.

மின்சாரம் நின்று ஐஸ் தொழிற்சாலையைப் பூட்டியதிலிருந்து அதன் வாய்க்கால் வற்றிக் கிடக்கிறது. பொதுக்காணி என்று நான் என் வேலியை அசைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கந்தையா தன் வேலிக் கதியால்களைப் பிடுங்கி நடுவாய்க்காலில் நட்டு, உள்ளே வாழை வைத்தான்.

இன்று முதல் குலை வெட்டினான். சுன்னாகச் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சீப்பை நீட்டினான்.

"அண்ணை, வாய்க்கால் மண்ணிலை விளைஞ்ச கதலி. சாப்பிட்டுப் பாருங்கோ."

"எனக்குச் சலரோகம், இனிப்புக் கூடாது."

"எப்ப தொடக்கம், அண்ணை?" என்று சிரித்தான்.

மனைவி வாங்கிக்கொண்டாள். "உங்கடை பக்கத்திலை எருக்கலைதானே நிக்குது" என்றாள் என்னிடம்.

கதலி நல்ல இனிப்பாம். நான் தொடவில்லை.

பெருமழை பெய்து வாய்க்கால் நிரம்பினால் அவன் வாழை மிஞ்சாது. என் மிளகாய் நாற்றும் அழுகிப்போகும். போகட்டும், பெய்யட்டும்.