மூணாவது கியர் உதறட்டும்

என் மகராசிக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கே? எங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

நம்ம காரோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பக்கத்து வீட்டு லேத்காரர் நம்ம வாசல்லயே பிரிச்சு மாட்டிட்டாராமே. “கைராசிக்காரர், சாப்பாடுகூட இங்கதான்”னு போன்ல பூரிச்சுப் போனே. ஊரான் வண்டிக்கு கியர்பாக்ஸ் மாட்டினா தன் வண்டி தானா ஓடும்னு நான் இங்க வெளியூர் ஒர்க்‌ஷாப்ல கிடக்கிறேன். நீ சொன்ன அவர் நினைப்புலயே நேத்து ஆயில் ஊத்தாமலே ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டேன். உடனே நிறுத்திட்டேன், திட்டோட போச்சு.

மூணாவது கியர் விழும்போது வண்டி உதறுதுன்னியே, அதைச் சரி பண்றேன்னு கியர் மாத்துற கேபிளை மட்டும் அவரைத் தொட விடாதே. நான் வர்ற வரைக்கும் உதறட்டும்.

ஓட்டும்போது அந்த உதறல் சத்தத்தைப் போன்ல பதிவு பண்ணி அனுப்பு. பக்கத்துல நீ ஏதாவது பேசு. அவர் குரல் அதுல கேக்கக் கூடாது.

வேலைக்குக் கூப்பிடுறாங்க.

உன் மெக்கானிக்
(நான் ஒருத்தன்தான்)