கப்பல் ஏறாத அம்மா

சிச்சிஜிமா தீவு
ஜூன் 12

அன்புள்ள சிஹாருவுக்கு,

இந்தக் கடிதத்தைச் சுமந்து வரும் கப்பலில்தான் நானும் வந்திருக்க வேண்டும். பயணச்சீட்டு கைப்பையில் இருக்கிறது. ஆனால் நான் ஏறப் போவதில்லை. முதலில் உட்கார்ந்துகொள், பிறகு மேலே படி.

உன்னிடம் சொன்னபடி நான் இகாஹோ வெந்நீர் ஊற்றுக்குப் போகவில்லை. கூட வேலை பார்த்த ஆசிரியைகள் யாரும் என்னோடு வரவில்லை. தோக்கியோ துறைமுகத்தில் கப்பலேறி, ஒரு பகலும் ஓர் இரவும் தெற்கே வந்து, இந்தத் தீவில் தனியாக இறங்கினேன். கைபேசியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வந்ததும் மறதியால் அல்ல. அம்மா இப்போது எந்தத் தெருவில் நிற்கிறாள் என்று உனக்குப் புள்ளி வைத்துக் காட்டுகிற பொருளைக் கடலுக்கும் தூக்கி வர மனம் வரவில்லை.

கோபப்படாதே என்று எழுதமாட்டேன். நன்றாகக் கோபப்படு. ஆனால் ஏப்ரல் மாதம் நான் குளியலறையில் மயங்கி விழுந்ததிலிருந்து நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார். கார் சாவியை வாங்கிக்கொண்டாய். சரி. மாடிப்படி ஏறாதே என்றாய். அதுவும் சரி. குளிக்கும்போது கதவைத் தாழிடக் கூடாது என்றாய். நான் தொட்டித் தண்ணீரில் கழுத்துவரை உட்கார்ந்திருக்கும்போது மாப்பிள்ளை வந்து கதவைத் தட்டுகிறார்.

"அத்தை, இருக்கீங்களா?"

"இருக்கேன் நோபுயுகி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இன்னும் இருக்கீங்களா?"

பாவம், நல்ல மனுஷன். வெளியே அவர் முகம் என்னைவிடச் சிவந்திருக்கும். ஒருநாள் தண்ணீருக்குள்ளிருந்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இன்னும் இருக்கிறேனா என்று. அதைப் பார்க்கத்தான் இங்கே வந்தேன்.

முந்தாநாள் அசானுமா என்பவரின் படகில் போனேன். என்னைவிடச் சின்னவர், ஆனால் வெயில் அவரை என்னைவிடக் கிழவராக்கியிருக்கிறது. ஏறும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சரம்மா, வயசானவங்க எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். வீட்ல யாரும் வேண்டாம்னு சொல்லலையே?"

"சொல்லலை" என்றேன். நீ சொல்லவில்லைதானே? உனக்குத் தெரிந்தால்தானே சொல்வாய்.

தெற்கு முனையைத் தாண்டியதும் டால்பின்களின் முதுகுத் துடுப்புகள் தெரிந்தன. அவர் படகை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இப்ப! சத்தமில்லாம வழுக்கி எறங்குங்க. தொடக் கூடாது, தொரத்தக் கூடாது" என்றார். இறங்கினேன். நீச்சல் கண்ணாடிக்குள் முதலில் நீலம் மட்டும்தான். பிறகு கதவுக் கீல் எண்ணெய்க்கு ஏங்குவது போன்ற கிறீச்சொலி. அது காதில் கேட்டதா மார்பெலும்பில் கேட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. கீழேயிருந்து ஐந்தாறு டால்பின்கள் மேலெழுந்து வந்தன. அவசரமே இல்லை. கடைசியாக வந்தது என்னைக் கடந்துவிட்டு, என்ன நினைத்ததோ, திரும்பி வந்தது. என் தோள் அருகே நீந்திக்கொண்டே ஒரு கண்ணால் பார்த்தது. புது மாணவன் வகுப்பில் நுழைந்ததும் மற்ற பிள்ளைகள் பார்ப்பார்களே, இரக்கமும் இல்லாமல் வெறுப்பும் இல்லாமல், 'யார் நீ' என்று மட்டும். அப்படி ஒரு பார்வை. அந்த மயக்கத்துக்குப் பிறகு என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

ஆகவே இன்னும் கொஞ்சநாள் இருக்கிறேன். அங்கே மழைக்காலம் தொடங்கியிருக்கும். துணிகளை உள்ளே காயப்போடு.

அன்புடன்,
அம்மா


குமகாயா
ஜூன் 16

அம்மாவுக்கு,

இகாஹோ விடுதிக்குப் போன் செய்தேன். அப்படி ஒருவர் வரவே இல்லை என்றார்கள். காவல் நிலையத்துக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். மாட்டிய செருப்போடு அங்கேயே உட்கார்ந்து படித்தேன். நீ உட்காரச் சொன்ன வரிக்கு வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

கடல், அம்மா! குளியல் தொட்டியில் மயங்கியவள் நீ. அந்தத் தீவில் பெரிய மருத்துவமனை இல்லை, விமான நிலையம் இல்லை, ஏதாவது ஆனால் தண்ணீரில் இறங்கும் கடற்படை விமானம் வரவேண்டுமாம். இதையெல்லாம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். நீயோ டால்பின் எப்படிப் பார்த்தது என்று எழுதுகிறாய். நாங்கள் பார்ப்பதெல்லாம் உனக்குப் பார்வையாகத் தெரியவில்லை.

படகுக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மயக்கத்தைப் பற்றிச் சொன்னேன். வீட்டாருக்குச் சம்மதமில்லை என்றும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நீ இதற்காக என்னைத் திட்டுவாய், தெரியும். நோபுயுகிகூட "கொஞ்சம் பொறு" என்றார். இனிமேல் அவர் கதவைத் தட்டமாட்டார், நான்தான் தட்டுவேன்.

அடுத்த கப்பலில் உனக்குக் கீழ்ப்படுக்கை பதிவு செய்திருக்கிறேன். துறைமுகத்தில் நிற்பேன். வந்துவிடு.

சிஹாரு


சிச்சிஜிமா
ஜூன் 21

அன்புள்ள சிஹாருவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் போன் வேலை செய்துவிட்டது. காலையில் ரப்பர் நீச்சலுடையும் கையுமாகத் துறைக்குப் போனேன். அசானுமா படகுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"டீச்சரம்மா, பொண்ணு பேசுச்சு. அழுவுது. வீட்டார் வேண்டாம்னா விருந்தாளிய நான் தண்ணியில எறக்கமாட்டேன். எங்கப்பா காலத்துலேர்ந்து இதான் வழக்கம்."

"என் உடம்பு அசானுமா. பொண்ணு உடம்பு இல்லை."

"உடம்பு உங்களோடதுதான். ஏதாச்சும் ஆனா கப்பல்ல வந்து எங்கிட்ட கேள்வி கேக்குறது அவங்கதானே?"

பக்கத்துப் படகில் ஒருவர் சிரித்தார். அதே படகுக்குக் காத்திருந்த சின்னப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். உடையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட நான் மற்றவர்கள் முன்னால் வகுப்புக்கு வெளியே அனுப்பியதில்லை. இப்போது நான் அனுப்பப்பட்டேன், என் மகள் சொல்லி. இதை மறைத்து எழுதினால் அது அன்பு ஆகாது என்பதால் எழுதுகிறேன்.

கடல் இல்லையென்றால் கரை. அன்றிலிருந்து சுற்றுகிறேன். சுரங்கச் சாலைகளைக் கடந்து, போரில் மூழ்கிய கப்பலின் துருப்பிடித்த முதுகு தெரிகிற கடற்கரைக்கு நடந்தேன். தாழை மரங்களுக்கு அடியில் துறவி நண்டுகள் சங்கு ஓட்டை முதுகில் தூக்கிக்கொண்டு கிடுகிடுவென்று ஓடுகின்றன. மலைமேல் பீரங்கிக் குழிகளில் பெரணிச் செடி முளைத்திருக்கிறது. நடந்து நடந்து குதிகால் வெடித்துவிட்டது. மயக்கம் வரவில்லை.

நான் தங்கியிருக்கும் விடுதி மிட்சுயோ என்ற பெண்ணுடையது. புருஷன் இல்லை, வாய் உண்டு. இரவுச் சாப்பாட்டில் சோற்றின் மேல் மீன் வைத்துக் கடுகு தடவிய தீவுச் சுஷியை என் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, அந்த மனுஷன் சொன்னத ஒழுங்கா கேட்டீங்களா? விருந்தாளிய எறக்கமாட்டேன்னான். அவ்ளோதான்."

"அதனால?"

"தீவுக்காரங்க எங்கள ஒருநாளாவது அப்படிக் கேட்டிருக்கானா? எங்கம்மா எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் தண்ணியில கெடந்தா. அண்ணன் கத்துவான், வேணாம் வேணாம்னு. அசானுமா என்ன சொன்னான் தெரியுமா? 'தீவுக்காரி வீட்டுல சொல்றத அவளே கேக்கல, நான் எதுக்குக் கேக்கணும்?' பெரிய வழக்கம்!"

அவள் சாப்பாட்டுக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ பதிவு செய்த கீழ்ப்படுக்கையில் யாராவது நன்றாகத் தூங்கட்டும். துறைமுகத்துக்கு வராதே, வீண் அலைச்சல்.

அம்மா


குமகாயா
ஜூன் 27

அம்மாவுக்கு,

கப்பல் வருவதற்கு முன் உன் பதில் வந்துசேர வழியில்லை. நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் துறைமுகத்துக்குப் போனேன். எல்லாரும் இறங்கி முடிகிறவரை நின்றேன். வெயிலில் கறுத்த ஆட்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கியதும் கப்பலின் இறங்குபாலத்தைத் தூக்கிவிட்டார்கள். மறுநாள்தான் உன் கடிதம் வந்தது.

அவமானப்படுத்திவிட்டேன் என்கிறாய். ஆமாம், படுத்திவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மறுபடியும் செய்வேன்.

ஏன் என்று நீ ஒருமுறையும் கேட்டதில்லை. நாம் இதைப் பேசியதே இல்லை. அப்பா இறந்த அன்றைக்கு வெங்காயத்தாள் பாத்தியில் அவரை முதலில் பார்த்தது நான். நீ பள்ளியிலிருந்து வரத் தாமதமானது. நான் சாயங்காலம் போனேன். குப்புறக் கிடந்தார், மூக்குக்கண்ணாடி மண்ணில், கை இன்னும் பாத்திக்குள். மத்தியானமே உயிர் போயிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அத்தனை நேரமும் பக்கத்துத் தெருவில் நான் கடையில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் கதவைத் தட்டுகிறேன். உன்னைக் கட்டிப்போடுவதற்காக அல்ல. இன்னொரு முறை தாமதமாகப் போய் நிற்க என்னால் முடியாது.

திரும்பி வா, அம்மா. கதவைத் தாழிட்டுக்கொள். நான் வெளியில் உட்கார்ந்திருக்கிறேன், பேசமாட்டேன்.

சிஹாரு


ஒகாசவாரா கிராமம், சிச்சிஜிமா
ஜூலை 9

என் சிஹாருவுக்கு,

உன் கடிதத்தை மலைமேல் போய்ப் படித்தேன், விடுதியில் வைத்து அழ முடியாது, மிட்சுயோ சும்மா இருக்கமாட்டாள். மூக்குக்கண்ணாடி மண்ணில் கிடந்தது இதுவரை எனக்குத் தெரியாது. நீ அதைத் துடைத்துக் கொடுத்திருக்கிறாய். இவ்வளவு காலம் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டியதை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்று கேட்கிறேன், அது எனக்கு வலிக்கிறது.

ஆனால் உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அன்று காலை. "இந்த வெயில்ல போகாதீங்க" என்றேன். "வெங்காயத்துக்கு இன்னைக்கு மண் அணைக்கலேன்னா தண்டு வெளுக்காது. நீ பள்ளிக்கூடம் போ, பிள்ளைங்கள அதட்டு, என்னைய விடு" என்று சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தோளில் போட்டார். நான் வாசலை மறித்து நின்றிருக்கலாம். அவர் இன்னும் சில வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து பாத்தியைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார், என்னையும் பார்த்திருப்பார், ஆனால் வேறு மாதிரி. நீ மாலையில் பார்த்தவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். காலையில் போனவரையும் கொஞ்சம் பார்.

இனி என் செய்தி. குமகாயா நகர அலுவலகத்துக்குத் தபாலில் எழுதி, என் குடியிருப்புப் பதிவை எடுத்துவிட்டேன். இங்கே கிராம அலுவலகத்தில் பதிந்துவிட்டேன். மிட்சுயோ பின்னறையைக் கொடுத்திருக்கிறாள், காலைச் சாப்பாட்டு வேலையில் நான் அவளுக்குக் கை கொடுக்கவேண்டும். இந்தத் தீவில் அறை கிடைப்பது கஷ்டம், அவள் வாயைச் சகிக்க யாரும் முன்வராததால் எனக்குக் கிடைத்தது.

பதிந்த மறுநாள் காலையில் துறைக்குப் போனேன்.

"அசானுமா, எங்க வீட்ல இன்னும் சம்மதமில்லை."

"அப்பறம் எதுக்கு டீச்சரம்மா உடைய மாட்டிக்கிட்டு வந்தீங்க?"

"நேத்து கிராம ஆபீஸ்ல பதிஞ்சுட்டேன். நான் விருந்தாளி இல்லை."

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மிட்சுயோ என் பின்னாலிருந்து, "என்ன முழிக்கிற? உங்கப்பா காலத்து வழக்கம், மறந்துபோச்சா?" என்றாள். பக்கத்துப் படகுக்காரர் இந்த முறை அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"தீவுக்காரின்னா பயணக்காசு பாதிதான். நஷ்டம் எனக்கு" என்று முனகிவிட்டு, "ஏறுங்க. மருத்துவர பாத்தீங்களா?" என்றார்.

பார்த்தேன். நெஞ்சில் கம்பிகள் ஒட்டிப் பார்த்தார். ஏப்ரலில் வந்தது, சூடான தொட்டியிலிருந்து சட்டென்று எழுந்ததால் வந்த மயக்கம் என்றார். தனியாக நீந்தக் கூடாது, உச்சி வெயிலில் கூடாது என்றார். இரண்டையும் கேட்கிறேன். நீ சொன்னதால் அல்ல, சரியாக இருப்பதால்.

நீ பள்ளி நீச்சல் குளத்தில் கற்றது ஞாபகம் இருக்கும். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரிப்போம். ஆசிரியர் விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். எண்ணி முடித்ததும் கையை விட்டுவிட்டு நீந்தப் போவீர்கள். நான் ஆசிரியையான முதல் வருடம் பயந்துபோய், ஜோடிகளைக் கையை விடவே வேண்டாம் என்றேன். ஒருவரும் மூழ்கவில்லை, ஒருவரும் நீந்தவும் இல்லை. கையைப் பிடித்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். நம் வீட்டில் நீயும் நானும் ஏப்ரலிலிருந்து அப்படித்தான் நிற்கிறோம். இங்கே என் ஜோடி மிட்சுயோ. தண்ணீருக்குள் அவள் வாய் மூடியிருப்பதால் நல்ல ஜோடி.

அன்றைக்கு டால்பின்கள் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. கூட்டமாக அடியில் தூங்கியபடி கடந்துபோயின. பாதி மூளை தூங்குமாம், பாதி விழித்திருக்குமாம். நாங்கள் மேலே மிதந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது. படகில் ஏறியபோது அசானுமா கை நீட்டினார். நான் பிடிக்காமல் ஏறினேன். அடுத்தமுறை பிடித்துக்கொள்வேன், அன்றைக்கு முடியவில்லை.

உன் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. ஒருநாள் ஏதாவது ஆகும். இங்கேயோ, அங்கேயோ, தொட்டியிலோ, கடலிலோ. அப்போது நீ தாமதமாகத்தான் வருவாய். எல்லா மகள்களும் தாமதமாகத்தான் வருகிறார்கள், பக்கத்து அறையிலிருந்து வந்தாலும். அதற்கு நீ பொறுப்பில்லை என்று இப்போதே, தெளிவான புத்தியோடு, என் கையெழுத்தில் எழுதித் தருகிறேன்.

நான் இறந்த பிறகு முதலில் பார்ப்பது யார் என்று நீ கவலைப்படுகிறாய். உயிரோடு இருக்கும்போது பார்க்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். விடுமுறை எடு. நோபுயுகியையும் கூட்டி வா, கதவில்லாத இடத்தில் அவருக்கும் ஓய்வு. வராவிட்டாலும் நான் நாளைக் காலை கடலில் இருப்பேன்.

என்றும் உன்,
அம்மா
ஃபுமியே, ஒகாசவாரா கிராமவாசி