கண்ணாடிக் கதவுல தெரிஞ்ச கிளிப்

என் செல்லக் கழுதைக்கு, அம்மா எழுதுறேன். இங்க நானும் உங்கப்பாவும் என் தையல் மெஷினும் நல்லா ஓடிட்டிருக்கோம், அங்க நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கீங்க? நேரத்துக்குச் சாப்பிடுறியா, இல்ல ஆஸ்பத்திரி மாடிப்படியில நின்னுக்கிட்டே ரொட்டியை முழுங்குறியா? உங்கப்பா பஸ் டிப்போவுல கியர்பாக்ஸ் இறக்கும்போது விரலை நசுக்கிக்கிட்டாரு, பயப்படாத, நகம் மட்டும்தான். எம்பொண்ணு சர்ஜன் ஆனதும் அவளே பார்த்துக்கட்டும்னு கட்டுப் போடாம மூணு நாள் வீம்பு, நான்தான் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். சரி, விஷயத்துக்கு வர்றேன், கை பரபரங்குது. போன்ல சொன்னா நீ டூட்டிம்மான்னு பாதியில வச்சிடுவ, கடிதத்தை அப்படி வைக்க முடியாதுல்ல? கூரியர்ல போடுறேன், நாளன்னைக்குக் கிடைச்சிடும். எந்தெந்த ஆஸ்பத்திரியில சர்ஜரி படிக்க ஆசைன்னு நீ வரிசை போட்டு அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள், அதுக்குள்ள இதைப் படிச்சிடு.

நீ முதல் இடத்துல போடப்போறேன்னு சொன்ன பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, அந்த வெப்சைட்டைத் தலையில தூக்கி வச்சு ஆடினது நான்தான், ஒத்துக்குறேன். திறந்ததுமே பன்முகத்தன்மையும் அரவணைப்பும் எங்கள் உயிர்மூச்சுன்னு கொட்டை எழுத்து, கறுப்பா வெளுப்பா மாநிறமா பதினோரு பொண்ணுங்க ஆபரேஷன் உடுப்புல பல்லைக் காட்டிட்டு நிக்குறாங்க. எம்பொண்ணு பன்னெண்டாவதா நிக்கப்போறான்னு அந்தப் படத்தைக் கடை முழுக்கக் காட்டினேன். நீ ரெண்டாவதா போட்ட ஆஸ்பத்திரி பக்கத்தைப் பார்த்து, இது என்னடி கரண்ட் பில் மாதிரி இருக்குன்னு சிரிச்சதும் நான்தான். நேத்து மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு, பட்டன் ஓட்டை போடுவாங்களே காஜா அக்கா, அவங்ககிட்ட போனைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்துட்டு, ஏண்டி இவளே, இந்தச் சட்டையெல்லாம் போட்டோவுக்குன்னே பாக்கெட்டைப் பிரிச்சது, மடிப்புகூடக் கலையலையேன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. நம்ம கடை தைக்குறதே ஆஸ்பத்திரி உடுப்புதான், இருபது வருஷமா வெட்டுறவ நான். பெரிசு பண்ணிப் பார்க்குறேன், பேன்ட் அடியில ரெண்டு ரெண்டு மடிப்பு, கழுத்து சரிஞ்சு தோள்ல தொங்குது, அத்தனையும் ஆம்பளை அளவு. நடுவுல நிக்குறவளுக்குப் பின்னாடி கண்ணாடிக் கதவு, அதுல அவ முதுகு தெரியுது, முதுகுல ரெண்டு கிளிப்! வாசல்ல நிக்குற பொம்மைக்குச் சட்டை தொளதொளன்னு இருந்தா நாங்க பின்னாடி குத்துவோமே, அதே கிளிப்டி! பொண்ணு பவுசுல என் கண்ணு அவிஞ்சு கிடந்திருக்கு பாரு.

சும்மா இருப்பேனா? அந்த ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, ஆபரேஷன் துணி வைக்குற ரூமுக்கு லைன் கேட்டேன். உடுப்பு தைக்குற கடையில இருந்து பேசுறேன், சின்ன அளவு எத்தனை எடுக்குறீங்கன்னேன். பொய் இல்லையே, கடையில இருந்துதானே பேசுறேன். ஒரு ஆளு, சின்ன அளவா, அதெல்லாம் நாங்க வாங்குறதில்லம்மா, பொம்பளை டாக்டருங்க மடிச்சு விட்டுக்குவாங்கன்னாரு. போட்டோ அன்னைக்குக் கிளிப் கொடுத்ததே நான்தான்னு பெருமை வேற. நடுவுல நிக்குறவங்க இப்ப எத்தனாவது வருஷம்னு கேட்டேன். அவங்க பாதியில விட்டுட்டுப் போயி ரெண்டு வருஷமாச்சே, படத்தைத்தான் யாரும் எடுக்கலன்னு சாதாரணமா சொல்றாரு. போனை வச்சேன், அப்புறம் கத்திரிக்கோலைத் தொடவே இல்ல.

ஏன்னு சொல்றேன், இதை உங்கிட்ட சொன்னதே இல்ல. பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷம் நான் படிப்பை விட்டது உனக்குத் தெரியும், நீ வயித்துல இருந்ததும் தெரியும். ஒர்க்‌ஷாப் கோட்டுல பட்டன் போட முடியல, பட்டன் போடாம மெஷின்கிட்ட வராதன்னாங்க. பெரிய கோட்டு கேட்டேன், பொம்பளைக்கு ஒரே அளவுதான் இருக்குன்னாங்க. உன் கோட்டை நீயே போட்டுக்கோய்யான்னு கழட்டி லேத் மெஷின் மேல வீசிட்டு வந்துட்டேன், என் வாய்தான் உனக்குத் தெரியுமே. மூணு வருஷம் கழிச்சு உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்குறேன், எதிர்ச் சுவத்துல அவங்க அட்மிஷன் நோட்டீஸ், பெண்களுக்குப் பொன்னான வாய்ப்புன்னு போட்டு, லேத் பக்கத்துல சிரிச்சிட்டு நிக்குறது யாரு? நான்! நீ விரலை நீட்டி அம்மா அம்மான்னு குதிக்குற. அதைக் கிழிச்சிட்டு வந்து உன் பால் டப்பாவுக்கு அடியில விரிச்சேன்.

அந்தச் சூட்டோட ரெண்டாவது ஆஸ்பத்திரியைத் திரும்பத் திறந்தேன். உயிர்மூச்சு கியிர்மூச்சு ஒண்ணும் இல்ல. யார் எந்த வருஷம் சேர்ந்தாங்க, முடிச்சிட்டு இப்ப எங்க இருக்காங்க, யார் பிரசவத்துக்குப் போயிட்டு வந்து முடிச்சாங்க, யார் பாதியில விட்டாங்க, ஏன் விட்டாங்க, எல்லாம் பேர் பேரா இருக்கு. படம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் கோணல். ஆனா அதுல ஆபரேஷன் மேஜைகிட்ட ஒரு பொண்ணு முக்காலி மேல ஏறி நிக்குறா, அவ சட்டைக்கு ரெண்டு பக்கமும் வேற பச்சையில துணி வச்சு அகலப்படுத்தியிருக்கு. மாசமா இருக்குறவடி! போன் போட்டேன், துணி ரூம்ல ஒரு அம்மா எடுத்தாங்க. அந்தப் பக்கத்துணி வச்சது யாருங்கன்னேன். நான்தான், ஏன், தையல் கோணலா இருக்கான்னாங்க! அந்த டாக்டரம்மா இப்ப அங்கயே சொல்லிக்கொடுக்குறாங்களாம், அந்தச் சட்டையை மூணாவது ஆளு போட்டுக்கிட்டிருக்காளாம். எம்பொண்ணு வரலாம்னு நினைக்குறான்னு உளறிட்டேன். அப்படியா, கையுறை அளவு என்ன நம்பர், சொல்லு எழுதிக்குறேன்னாங்க. கேட்டுச் சொல்றேன்னு உன் பேரை மட்டும் சொன்னேன். நான் கடையிலயே ஒரு ஆட்டம் போட்டேன், காஜா அக்கா சாட்சி.

இப்ப கேளு கண்ணு, வரிசை உன்னுது, நான் தலையிடல, தலையிட்டுட்டேன், சரி, இதோட நிறுத்திக்குறேன். பெரிய ஆஸ்பத்திரியில சொல்லிக்கொடுக்குறவங்க கை தேர்ந்தவங்கன்னு நீ சொன்ன, அதை நான் இல்லன்னு சொல்லல. படத்துல முதுகுல கிளிப்போட நின்னவளைத் தேடிப் பிடிச்சு, நீ ஏன் விட்டேன்னு ஒரு வார்த்தை கேளு, என் பேச்சைவிட அவ பேச்சுக்குத்தான் எடை. உங்கப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாரு, கட்டுப் போட்ட விரலால ஆசீர்வாதம் பலிக்குமான்னு சந்தேகம் வேற அவருக்கு. எங்க நின்னாலும் நிமிர்ந்து நில்லு, நல்லா இரு. மறக்காம, அந்தத் துணி ரூம் அம்மாவுக்கு உன் கையுறை நம்பரைச் சொல்லட்டுமா வேணாமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வரி அனுப்பு, நோட்டுல உன் பேரை எழுதி நம்பருக்கு இடம் விட்டு வச்சிருக்காங்க.

இப்படிக்கு,
உன் அம்மா,
முன்னாள் நோட்டீஸ் அழகி