மூட்டாத அடுப்பு

1926 நவம்பர் 9

மாடி அறைக்கு வாடகைக்கு ஆள் வந்தாயிற்று. கொப்பன்ஹேகனிலிருந்து ஒரு எழுத்தாளர், பெயர் வில்லும்சென். குழந்தைகளுக்கு மாயக்கதை எழுதுகிறவராம். பனிப் பூதம், பேசும் கரடி, அந்த மாதிரி. வாயில் உருளைக்கிழங்கை அடக்கிக்கொண்டு பேசுவது போல ஒரு டேனிஷ். பாதி புரிகிறது, மீதியை ஊகித்துக்கொள்கிறேன். வடக்கே பனிநாட்டுக்குப் போய் வந்தவர்களிடம் கதை கேட்கத்தான் இந்த இருட்டுக் காலத்தில் வடகோடியில் இருக்கும் எங்கள் ட்ரொம்ஸோவுக்கு வந்திருக்கிறாராம். நல்ல பிழைப்பு.

வீட்டுச் சட்டத்தைச் சொன்னேன். அறையைக் காலி செய்யும்போது அடுப்பில் விறகு அடுக்கி, மெல்லிய மரச்சீவல் செருகி, மேலே தீப்பெட்டி வைத்து, ஒரு குச்சியைப் பாதி வெளியே நீட்டிவிட்டுப் போக வேண்டும். வடக்கே வேட்டைக் குடிசைகளில் என்ன முறையோ அதுதான் இங்கும். அடுத்து வருகிறவன் விரல் மரத்துப்போய் வருவான், பெட்டியைத் திறக்கக்கூட வராது.

"அடடா, என்ன அழகான வழக்கம்!" என்று உடனே குறித்துக்கொண்டார். அழகுக்காக யாரும் அதைச் செய்வதில்லை.

நவம்பர் 14

பைப் இருக்கிறது, புகையிலை இருக்கிறது, சொந்தமாகத் தீப்பெட்டி மட்டும் கிடையாது அந்த மனுஷனுக்கு. சமையலறையில் இருப்பதை எடுத்துப் பற்றவைக்கிறார், பேசிக்கொண்டே பையில் போட்டுக்கொள்கிறார். கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார். இந்த வாரத்தில் மட்டும் மூன்று பெட்டி போயிற்று.

"அக்கா, அவரைத் தலைகீழாப் புடிச்சு உலுக்கினா ஒரு கடையே போடலாம்" என்கிறான் என் தம்பி ஆன்ஃபின்.

நவம்பர் 21

சூரியன் போயாயிற்று. இனி ஜனவரியில்தான்.

நவம்பர் 28

கேப்டன் ருட்பெர்க் வீட்டில் வில்லும்செனுக்கு விருந்து. ஊருக்கு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் அந்த வீட்டு மேஜையில்தான் போய் உட்கார வேண்டும். வடக்கே பனித்தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் வடகிழக்கை வரைபடத்தில் ஏற்றிய மகான் அல்லவா. இரண்டு பேரும் பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசியிருக்கிறார்கள். வில்லும்சென் கோட்டெல்லாம் அந்த நாற்றத்தோடு வந்து காப்பி கேட்டார்.

"கேப்டன் ஒரு சம்பவம் சொன்னாரு அம்மா. அவரோட வந்த ஒரு வேட்டைக்காரன், இருட்டுல புத்தி பேதலிச்சு, மூட்டத் தயாரா இருந்த அடுப்பு முன்னாடியே உக்காந்து உறைஞ்சு செத்துப் போனானாம். கேக்கவே நடுங்குது."

கையிலிருந்த கெட்டிலைக் கீழே வைத்தேன்.

"அந்த வேட்டைக்காரனுக்குப் பேர் இருக்கு. யென்டோஃப்ட். என் புருஷன்."

முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. வெளுக்கட்டும்.

நவம்பர் 30

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதுவரை வெளியாள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஏன் இவரிடம்? எழுதுகிறவர் என்பதாலா? கேப்டன் தன் பயணத்தைப் பற்றி எழுதிய தடிப் புத்தகத்தில் யென்டோஃப்ட் பைத்தியம் என்று அச்சில் இருக்கிறது. அச்சுக்கு அச்சுதானே பதில் சொல்ல வேண்டும்.

சொன்னது இதுதான். அந்தப் பயணத்தில், குளிர்காலத்தின் நடுவே, உணவைச் சேமிக்க வண்டி இழுக்கும் நாய்களைச் சுட்டுவிடச் சொன்னார் கேப்டன். யென்டோஃப்ட் எல்லோர் முன்னாலும் முடியாது என்று நின்றார். கேப்டனுக்கு அது பெரிய அவமானம். அதற்குப் பிறகு ஒரு நாள், கேப்டனும் இரண்டு பேரும் நடுவழிக் குடிசையில் தங்கிவிட்டு முகாமுக்குத் திரும்பினார்கள். கடைசியாகக் கிளம்பியவர் கேப்டன். அடுப்பை அடுக்கியவரும் அவர்தான். அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். பொறிகளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்த யென்டோஃப்ட் வழியில் பனி உடைந்து தண்ணீருக்குள் விழுந்திருக்கிறார். எப்படியோ எழுந்து குடிசை வரை வந்துவிட்டார். அவர் பையிலிருந்த தீப்பெட்டி ஊறிக் கூழாகிவிட்டது. அடுப்பில் விறகு இருந்தது. சீவல் இருந்தது. மேலே தீப்பெட்டி இல்லை.

தேடிப் போனவர்களில் ஆன்ஃபினும் ஒருவன். அடுப்பின் கதவைத் திறந்துவைத்து, முழங்காலை அதில் ஒட்டினாற்போல் வைத்து, கைகளைச் சட்டைக் கைக்குள் நுழைத்து உட்கார்ந்திருந்தாராம். "தீப்பெட்டி எங்கே?" என்று ஆன்ஃபின் கேட்டதற்கு, "இவனே எங்கேயாவது தூக்கி எறிஞ்சிருப்பான், புத்தி கெட்டவன்" என்றாராம் கேப்டன்.

நாய்களுக்காகப் பழிவாங்கிவிட்டான் அந்தப் பாவி. வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு போனான். இதை நான் தெரிந்தே சொல்கிறேன். அன்றிலிருந்து என் மகள் சூனிவா பள்ளிக்கூடத்தில் பைத்தியக்காரன் மகள். இன்று அதே பள்ளியில் டீச்சராக இருக்கிறாள், இன்னமும் முதுகுக்குப் பின்னால் அதே பேர்.

வில்லும்சென் அழுதார். உண்மையாகவே கண்ணீர். "நான் எழுதுறேன் அம்மா. உங்க யென்டோஃப்ட்டுக்கு நியாயம் கிடைக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

டிசம்பர் 16

கப்பலேறிவிட்டார். மாடிக்குப் போய்ப் பார்த்தால் அடுப்பில் வெறும் சாம்பல். விறகில்லை, சீவலில்லை, தீப்பெட்டியும் போச்சு. போகட்டும். அழுத மனுஷன்.

1927 மே 17

தேசிய தின ஊர்வலம். முன்வரிசையில் கேப்டன், மார்பு நிறையப் பதக்கம், வாயில் அணைந்துபோன பைப். எதிரே நின்றிருந்த ஒரு பையனிடம் தீ கேட்டு வாங்கினார். நான் கையிலிருந்த கொடியைக் கீழே இறக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3

"இன்னுமா அந்த டேனிஷ்காரனை நம்பிக்கிட்டு இருக்கே?" என்கிறான் ஆன்ஃபின். ஆமாம். நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு யார் இருக்கிறார்கள்?

அக்டோபர் 11

புத்தகம் வந்துவிட்டது. சூனிவா கடையிலிருந்து வாங்கி வந்தாள். மழையில் நனையாமல் இருக்க மேல்கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். "நான் முதல்ல படிக்கிறேன், அம்மா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதியில் அந்த முகம் மாறியது.

அக்டோபர் 12

நானும் படித்துவிட்டேன்.

உறைபனி ராஜ்யம் ஒன்று. அதில் குடிசை தோறும் யாரோ முகம் தெரியாதவருக்காக அடுப்பு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சட்டத்தைப் போட்டவர் ஒரு நல்ல ராஜா. வெள்ளைத் தாடி, வாயில் பைப், பார்த்தால் கேப்டனேதான். ராஜாவுக்கு ஒரு எதிரி. தீத்திருடன். பித்துப் பிடித்த கண். குடிசை குடிசையாகப் போய்த் தீயைத் திருடித் தின்று, அணைந்த அடுப்பின் முன்னால் முழங்காலை ஒட்டிக்கொண்டு, கையைச் சட்டைக் கைக்குள் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

முழங்கால். சட்டைக் கை. அதை யார் சொன்னது அந்த எழுத்தாளனுக்கு? நான்தானே. என் வாயால் நானே எடுத்துக் கொடுத்தேனே!

முதல் பக்கத்தில் "வடதிசை வென்ற கேப்டன் ருட்பெர்க்குக்கு" என்று சமர்ப்பணம் வேறு.

அக்டோபர் 13

"கோவிச்சுக்காதேம்மா… புத்தகம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் சூனிவா, பாத்திரம் கழுவிக்கொண்டே.

"நல்லா இருக்குன்னுதான்டி வயிறு எரியுது."

பொய் சொல்லவில்லை. பனிப்புயலில் தொலைந்த குழந்தைகள் குடிசைக்குள் வந்து அந்த நீட்டிய குச்சியைப் பார்க்கும் இடத்தை நானே திருப்பித் திருப்பிப் படித்தேன். மோசமாக எழுதியிருந்தால் தூக்கி எறிந்திருக்கலாம்.

நவம்பர் 4

தெருவில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஒருத்தன் தீத்திருடன், மற்றவர்கள் ஓட வேண்டும். திருடனாக யாரும் வரமாட்டேன் என்று சண்டை.

நவம்பர் 17

தலைமை ஆசிரியர் அந்தப் புத்தகத்தையே வகுப்பில் வாசிக்கச் சொல்லிவிட்டார். தீத்திருடன் வரும் பக்கங்களைச் சூனிவா தாண்டிப் போயிருக்கிறாள். "டீச்சர், நடுவுல விட்டுட்டீங்க!" என்று வகுப்பே கத்தியதாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். கடைசியில் வாசித்தாளாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள். அவள் அப்பாவைப் பற்றி அவளையே வாசிக்க வைத்துவிட்டார்களே. நாசமாகப் போக.

1928 ஜனவரி 12

தந்தி. வில்லும்சென் நகர மண்டபத்தில் பேச வருகிறாராம், அதே அறை வேண்டுமாம்.

"இடமில்லன்னு சொல்லிடு அக்கா. கேப்டன் வீட்டுல மெத்தை போட்டு வெச்சிருப்பாங்க."

"வரட்டும்" என்றேன்.

ஜனவரி 19

காலையில் மாடி அறையைப் பெருக்கினேன். விறகு அடுக்கினேன். சீவலை இத்தனை மெல்லிதாக நான் சீவியதே இல்லை. பிறகு தீப்பெட்டியை எடுத்து என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். தெரிந்தேதான் செய்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மதியம் வந்தார். வெளியே காற்றும் ஈரப்பனியும். துறைமுகப் படியில் கால் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்திருக்கிறார். பல் தந்தியடிக்க என்னைப் பார்த்து, "அம்மா, உங்க வீட்டு அடுப்ப நினைச்சுக்கிட்டேதான் வந்தேன்" என்றார். சாவியை நீட்டினேன். மேலே போய்விட்டார்.

சமையலறையில் உட்கார்ந்து காதைத் திறந்து வைத்திருந்தேன். கூப்பிடுவார், தீப்பெட்டி கேட்பார், அப்போது படியின் கீழே நின்று நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று. ஒரு சத்தமும் இல்லை. காப்பி ஆறிவிட்டது. பொறுக்க முடியாமல் ஏறிப் போனேன்.

அடுப்பின் கதவு திறந்திருந்தது. முழங்காலை அதில் ஒட்டினாற்போல் வைத்து, கைகளை ஈரச் சட்டைக் கைக்குள் நுழைத்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம்.

"தீப்பெட்டி காணோம் அம்மா… தேடித் தேடிப் பார்த்தேன். அப்புறம் எழுந்திரிக்கவே தோணல."

ஆன்ஃபின் சொல்லிக் கேட்டதுதான். கண்ணால் நான் பார்த்ததில்லை. இன்றுதான் பார்த்தேன்.

"இப்படித்தான் உக்காந்திருந்தாரு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "பைத்தியம் புடிச்சு இல்ல. தீ திங்கிறதுக்கும் இல்ல. இப்படி, உங்கள மாதிரி."

முதலில், "அது கதைம்மா, கதையில வர்றவன் யாருமே நெசத்துல…" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். தன் முழங்காலைப் பார்த்தார், கைகள் நுழைந்திருந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் விசும்பி விசும்பி அழுதார். நான் ஏப்ரனிலிருந்து பெட்டியை எடுத்து அடுப்பை மூட்டினேன். உடனே பற்றிக்கொண்டது.

ஜனவரி 20

மண்டபத்தில் நல்ல கூட்டமாம். நான் போகவில்லை. காலையில் சூனிவாவையும் வைத்துக்கொண்டு சொன்னார்: அடுத்த பதிப்பில் சமர்ப்பணத்தை எடுத்துவிடுவாராம், யென்டோஃப்ட்டின் பேரைப் போட்டு நடந்ததை முன்னுரையாக எழுதுவாராம். "போன தடவையும் இதே மாதிரிதான் சொன்னீங்க" என்றாள் சூனிவா. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுப்பை அடுக்குவது எப்படி என்று அவளிடமே கேட்டு, சீவல் சீவப் பழகினார். இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்டார்.

ஜனவரி 21

இன்று சூரியன் திரும்புகிற நாள். பள்ளிக்கூடம் விடுமுறை, ஊரே மேட்டில் நிற்கிறது. வில்லும்சென் காலைக் கப்பலில் போய்விட்டார்.

மாடிக்குப் போனேன். அடுப்பு அடுக்கியிருந்தது. விறகு ஒழுங்காக, நடுவில் காற்றுக்கு வழிவிட்டு. சீவல் நன்றாகவே வந்திருந்தது, ஒன்றிரண்டில் ரத்தக் கறை. ஒரு குறை சொல்ல முடியாது. பக்கத்து ஆஷ்ட்ரேயில் புதுசாகத் தட்டிய பைப் சாம்பல்.

தீப்பெட்டி இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். ஜன்னலில் பார்த்தேன். தலையணையை உதறினேன். இல்லை. அடுக்கி முடித்திருக்கிறார், பெட்டியை மேலே வைத்திருக்கிறார், கிளம்பும் முன் ஒரு பைப் பற்றவைத்திருக்கிறார், கை தன் பாட்டுக்குப் பைக்குள் போட்டுக்கொண்டுவிட்டது. முந்தாநாள் அழுத அழுகை பொய்யில்லை. எனக்குத் தெரியும்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கேப்டனும் பைப் பிடிக்கிறவர்தானே.

கடவுளே, அவ்வளவுதானா? நாய்க்காக இல்லையா, வன்மம் இல்லையா, ஒன்றுமே இல்லையா? பேசிக்கொண்டே பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாரா? இத்தனை வருஷம் அந்த ஆளைச் சபிக்காமல் நான் தூங்கியதில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட யென்டோஃப்ட்டுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும், ஒரு எதிரியாவது இருந்திருப்பான். அப்புறம் பைக்குள் கைவிட்டுப் பெட்டியைப் பார்த்திருப்பாரே அந்தக் கேப்டன்? பார்த்துவிட்டுத்தானே பைத்தியம் என்று எழுதினார்? அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டு போனதற்கு… தெரியவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது, அதை யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஆன்ஃபின் வந்து பார்த்தான். அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. பிறகு, "சூரியன் வந்துருச்சு அக்கா, பாக்க வரலையா?" என்றான்.

"தூண்டில் கயிறு இருந்தா ஒரு முழம் கொண்டா" என்றேன்.

புதுப் பெட்டி ஒன்றை எடுத்து, உறையின் ஓரத்தில் ஆணியால் துளை போட்டுக் கயிற்றைக் கோத்து, அடுப்பின் காலோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். ஒரு குச்சியைப் பாதி வெளியே நீட்டிவைத்தேன். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

கோடையில் ஆன்ஃபின் வடக்கே போகும்போது ஒரு சுருள் கயிறு கொடுத்தனுப்ப வேண்டும். போகிற வழியில் எத்தனை குடிசை இருக்கிறதோ அத்தனைக்கும்.